பிணத்தைத் தூக்கில் போட்டவன்

மாதவரத்திலிருந்து மணலிக்குப் போகிற வழியில் இருக்கிறது மாத்தூர். அந்தப் பக்கம் ரோட்டோரத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, ஏதோ சுவர் நகர்ந்து போகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு டூவீலர்க்காரர் புகுந்து புறப்பட்டால், பார்க்கிற நமக்கு வயிற்றைக் கலக்கும்.

வடசென்னைக்காரர்களுக்கு இது புதுசில்லை. விபத்து என்றால் முதலில் கூட்டம் கூடும். டிரைவர் இறங்கி ஓடுவார். மாட்டினால் தர்ம அடி. ‘கொலைகாரப் பாவி’ என்று ஒரு குரல். ‘வேணும்னா இடிச்சான்... அவனும் ஏதோ தூக்கக் கலக்கம்’ என்று இன்னொரு குரல். சிரிக்காதீர்கள்! இந்த இரண்டு குரல்களுக்கு நடுவில் நடக்கிற சண்டைதான் குற்றவியல் சட்டத்தின் முழு சரித்திரமும்.

ஒரு உயிர் போயிருக்கிறது. கொன்றவன் மனதில் அந்த நிமிடம் என்ன இருந்தது? கொல்ல நினைத்தானா? நினைக்கவில்லை, ஆனால் செத்துப் போவான் என்று தெரிந்தே செய்தானா? தெரியாது, வெறும் அஜாக்கிரதையா? செத்தவருக்கு மூன்றும் ஒன்றுதான். செய்தவனுக்கோ தூக்குக்கயிறா, சில வருட ஜெயிலா என்கிற வித்தியாசம்.

நம் ஊரின் மிகப் பழைய டிராஃபிக் கேஸ் உங்களுக்குத் தெரியும். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரோட்டிப் போனான். துள்ளிக் குதித்து வந்த கன்று சக்கரத்தில் விழுந்து செத்தது. தாய்ப்பசு மணியடித்தது. ராஜா தன் மகன்மேலேயே தேரை ஏற்றினார். நியாயத்துக்கு அடையாளமாக இன்றும் நாம் கொண்டாடுகிற கதை. ஆனால் ஒன்றை கவனியுங்கள். ‘மகனே, நீ வேண்டுமென்றா ஏற்றினாய்?’ என்ற கேள்விக்குத் தீர்ப்பில் இடமே இல்லை. உயிருக்கு உயிர், அவ்வளவுதான். பின்னாளில் வந்த சட்டப்படி அந்தப் பையன்மேல் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டியதாக ஒரு வழக்குப் போட்டிருக்கலாம். அலட்சியத்தால் மரணம் என்கிற பிரிவு மனிதர்கள் செத்தால் மட்டும்தான். கன்றுக்கு அதுகூடக் கிடையாது!

மனதைத் தோண்டிப் பார்க்கிற வேலையை இங்கே எழுத்தில் வைத்தவர் மெக்காலே. 1834-ல் சென்னையில் வந்து இறங்கினார். பல்லக்கில் உட்கார்ந்து ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பென்டிங்க்கைப் பார்த்தார். பிறகு கல்கத்தாவில் உட்கார்ந்து எழுதி, 1837-ல் தண்டனைச் சட்டத்தின் வரைவைக் கொடுத்தார். அது சட்டமானது 1860-ல். அமலுக்கு வந்தது 1862 ஜனவரி 1. அதைப் பார்க்க மெக்காலே உயிரோடு இல்லை. வக்கீல்கள் வாய்க்கு வாய் சொல்கிற ‘மென்ஸ் ரியா’ என்ற லத்தீன் வார்த்தை அந்தச் சட்டத்தில் ஒரு இடத்தில்கூடக் கிடையாது. அதற்குப் பதிலாக ‘எண்ணம்’, ‘அறிதல்’, ‘அலட்சியம்’ என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பிரித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. அலட்சியத்தால் மரணம் என்ற பிரிவு மெக்காலேயின் வரைவில் இருந்தது. 1860-ல் அதைக் கழற்றிவிட்டார்கள். பிறகு புத்தி வந்து 1870-ல் 304-ஏ என்று ஒட்டுப்போட்டார்கள்.

எழுதிவிட்டால் போதுமா? வாழ்க்கை சட்டத்துக்குச் சவால் விடும். அப்படிப்பட்ட சவால்கள் வந்து நின்ற இடம் பாரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்தச் சிவப்புக் கட்டடம். சென்னை ஹைகோர்ட்.

1912-ல் வந்தது அல்வா கேஸ். அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில் ஒருவன், தெரிந்த ஆள் ஒருவரின் பெயரில் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தான். ஆள் செத்தால் பணம். விஷம் கலந்த அல்வாவைக் கொடுத்தான். அவர் கொஞ்சம் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிட்டார். அதை எடுத்துத் தின்றது ஒரு சின்னப் பெண். விஷம் வைத்தவனுக்கே சொந்தக்காரக் குழந்தை. குறி வைக்கப்பட்ட மனிதர் பிழைத்துக்கொண்டார். குழந்தை செத்துப்போனது.

அந்தக் குழந்தையைக் கொல்ல அவன் நினைக்கவே இல்லையே? கீழ்க்கோர்ட் கொலை முயற்சிக்கு மட்டும் தண்டனை கொடுத்தது. அரசுத்தரப்பு அப்பீல் போனது. ஹைகோர்ட்டில் நீதிபதிகளே முட்டிக்கொண்டார்கள். சுந்தர ஐயர், ‘குழந்தை தானாக எடுத்துத் தின்றதற்கு இவன் எப்படிப் பொறுப்பு?’ என்கிற கட்சி. பென்சனும் ரஹீமும், ‘கொல்லும் எண்ணத்தோடு விஷத்தை வெளியே விட்டவன் அவன். அது யார் வாயில் போய் விழுந்தாலும் கொலைதான்’ என்ற கட்சி. இரண்டுக்கு ஒன்று. ஆயுள் தண்டனை. என் ஓட்டும் அந்த இரண்டு பேருக்குத்தான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 1919-ன் பழனிக் கவுண்டன் கேஸ்.

வீட்டில் சண்டை. பழனி மனைவியின் தலையில் ஏர்க் கொழுவால் அடித்தான். அவள் பேச்சுமூச்சில்லாமல் விழுந்தாள். செத்துவிட்டாள் என்று நினைத்தான். பயம். தற்கொலை என்று ஊரை நம்பவைக்கலாம் என்று கயிற்றை எடுத்து உத்தரத்தில் கட்டி, ‘பிணத்தை’த் தூக்கில் மாட்டினான். டாக்டர் சோதித்தபோதுதான் தெரிந்தது, அவள் அடியில் சாகவில்லை. அந்த அடி சாகடிக்கிற அளவுக்கு இல்லை. கயிறுதான் கொன்றிருக்கிறது.

இப்போது நீங்கள் நீதிபதி. அடித்தபோது அவனுக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. தூக்கில் போட்டபோது அவனைப் பொறுத்தவரை அங்கே இருந்தது ஒரு பிணம். பிணத்தை யாராவது கொல்ல நினைக்க முடியுமா?

தலைமை நீதிபதி வாலிஸ் தலைமையில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். கொல்லும் எண்ணம் என்றால் அது உயிரோடு இருக்கிற, அல்லது உயிரோடு இருப்பதாக அவன் நம்புகிற ஒருவரைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்றார்கள். ஆக, இது கொலையும் இல்லை. கொலைக்கு ஒரு படி கீழே இருக்கிற ‘மரணம் விளைவிக்கும் குற்ற’மும் இல்லை. அடித்ததற்கும், பொய்ச் சாட்சியம் உருவாக்கப் பார்த்ததற்கும் தண்டிக்கலாம். அவ்வளவுதான்.

எனக்கு இது தொண்டையில் சிக்கிய முள் மாதிரி. சட்டப்படி தீர்ப்பில் ஓட்டை இல்லை என்று தெரிகிறது. ஆனால் அந்தப் பெண்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவசரப்படாமல், மூக்கில் விரல் வைத்துப் பார்த்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் இல்லையா? கோர்ட் கேட்டது ‘அவன் மனதில் என்ன இருந்தது’ என்று. ‘என்ன இருந்திருக்க வேண்டும்’ என்பது வேறு கேள்வி, அது கொலைச் சட்டத்தில் இல்லை.

1943-ல் அதே ஹைகோர்ட்டுக்கு கிட்டத்தட்ட அதே கதை வந்தது. தவமணி கேஸ். ஒரு பெண்ணைத் தாக்கி, செத்துவிட்டாள் என்று கிணற்றில் போட்டார்கள். இங்கே ஒரே ஒரு வித்தியாசம். ஆரம்பத்திலேயே கொல்லும் எண்ணம் இருந்தது. அடித்ததும் கிணற்றில் போட்டதும் ஒரே காரியம், ஆகவே கொலை என்று தீர்ப்பு. பதினொரு வருடம் கழித்து, தென்னாப்பிரிக்கப் பக்கத்து பசுட்டோலாந்திலிருந்து போன ஒரு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சிலும் இதே முடிவுக்கு வந்தது. அங்கே கிணற்றுக்குப் பதில் மலைச்சரிவு.

இதெல்லாம் ஒருத்தன், ஒரு அடி, ஒரு கயிறு. தொழிற்சாலையை எங்கே வைத்துப் பார்ப்பது? மாத்தூர்க்காரருக்கு மெக்காலேயை விட இதுதான் முக்கியம். பக்கத்திலேயே மணலி. மூக்குக்கு அது நன்றாகத் தெரியும்.

1984 டிசம்பரில் போபால். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கம்பெனி அதிகாரிகள்மீது ‘தெரிந்தே மரணம் விளைவித்தது’ என்ற குற்றச்சாட்டு. அதிகபட்சம் பத்து வருடம். 1996-ல் சுப்ரீம் கோர்ட் அதை 304-ஏ ஆக இறக்கியது. அந்த ராத்திரி ஆலையை ஓட்டினால் ஆட்கள் சாவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். 2010-ல் தீர்ப்பு: இரண்டு வருடம். ஒரு பைக் விபத்துக்கு என்ன அதிகபட்சமோ, அதே. நாடே கொதித்தது. சி.பி.ஐ. மறுபடி கதவைத் தட்டியது, 2011-ல் தள்ளுபடி. 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அலட்சிய மரணத்துக்கு ஐந்து வருடம் வரை போகலாம். எண் 106. ‘தெரிந்து செய்தது’ என்ற வேலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தெரிந்தது எப்போது என்பதை மணலியே ஒருமுறை காட்டியது. 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 கன்டெய்னர்களில் மணலியில் ஒரு சரக்கு நிலையத்தில் கிடந்தது. பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கே இது செய்தி. 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி பெய்ரூட் துறைமுகம் வெடித்தது. அதே சரக்கு, 2,750 டன். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த ஓரிரு நாளில் மணலி சரக்கு பற்றிப் பேப்பரில் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 3-ம் தேதி மணலியில் ஏதாவது ஆகியிருந்தால் வக்கீல் எழுந்து, ‘யுவர் ஆனர், அலட்சியம்’ என்றிருப்பார். எடுபட்டிருக்கும். ஆகஸ்ட் 10-ம் தேதி ஆகியிருந்தால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று எந்த அதிகாரியால் சொல்லியிருக்க முடியும்? சரக்கு அதே சரக்கு. இடமும் அதேதான்.

ஐந்து வருடம் நகராத கன்டெய்னர்கள், ஒரே வாரத்துக்குள் ஹைதராபாத்துக்குக் கிளம்ப ஆரம்பித்தன.