கடை சின்னது, சரக்கு பெருசு: வெப் கேஷ் சிமுலேட்டர் கதை

2002 வாக்குல மம்சாபுரத்துல இருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாத்தான் நெட்டு. நான் போற பிரவுசிங் சென்டர்ல ஆறு கம்ப்யூட்டர், ஒரே டயல்-அப் லைன். மூலையில ஸ்க்விட் போட்ட ஒரு பழைய பெட்டி. ஒருத்தர் பார்த்த பக்கத்தை அது எடுத்து வச்சுக்கும். அடுத்தவர் அதையே கேட்டா லைனுக்குப் போகாம அங்கிருந்தே கொடுத்துடும். இதுதாங்க வெப் கேஷ்.

ஒருநாள் கடைக்கார அண்ணன் பெரிய பாட்டு ஃபைலையும் சேமிக்கிற மாதிரி செட்டிங்கை மாத்திட்டார். "லைன்ல லோடு குறையும்ல தம்பி!" டிஸ்க்கு சின்னது. பாட்டு உள்ள வர வர, நாங்க தினம் பார்க்கிற சின்னப் பக்கமெல்லாம் வெளிய. மணிக்கு இருபது ரூபா கொடுத்துட்டு வெறும் திரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். அன்னைக்கு எனக்கு அவர் மேல செம கடுப்பு.

யார் பக்கம் நியாயம்? இதைக் கடையை வச்சு சோதிக்காம கணக்கு வச்சே பார்க்க ஒரு வழி இருந்திருக்கு. ப்ராக்ஸியோட லாக்கை எடுத்து, எப்போ எதைக் கேட்டாங்க, சைஸ் என்னன்னு வரிவரியா ஒரு புரோகிராமுக்கு ஊட்டணும். நிஜப் பக்கம் எதுவும் வேண்டாம். எதை வச்சுக்கிறது, எதைத் தள்ளுறதுன்னு மட்டும் அது கணக்குப் போடும். இதுதான் சிமுலேட்டர்.

வேர் ரொம்பப் பழசு. 1966லயே ஐபிஎம்மின் லாஸ்லோ பெலாடி, கம்ப்யூட்டர் மெமரிக்கு இதே மாதிரி ஓட்டிப் பார்த்தார். இனிமே ரொம்ப நாள் கழிச்சுத் தேவைப்படுறதை முதல்ல தள்ளுறதுதான் உச்சபட்ச வழின்னு காட்டினார். ஆனா நிஜத்துல எதிர்காலம் யாருக்குத் தெரியும்? ஓடி முடிஞ்ச லாக் கையில இருந்தா தெரியும் :-)

வெப்புல ஒரு கூடுதல் சிக்கல், ஒவ்வொரு ஃபைலும் ஒவ்வொரு சைஸ். 1997ல பெய் சாவ், சாண்டி இரானி ரெண்டு பேரும் நிஜ ப்ராக்ஸி லாக்குகளை சிமுலேட்டர்ல ஓட்டி, 'கிரீடி டூயல் சைஸ்'ங்கிற முறையை முன்வச்சாங்க. லாக் கிடைக்காதவங்களுக்காக கனடாவுல புசாரி, வில்லியம்சன் ரெண்டு பேரும் 'புரோவ்ஜென்' எழுதினாங்க. நிஜம் மாதிரியே செயற்கை லாக் தயாரிக்கிற கருவி அது. 2001ல அதை வச்சுக் கட்டுரையும் போட்டாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அளவுகோல் ரெண்டுங்கிறதுதான். 10 கேபி பக்கம் ஒன்பது, 4000 கேபி பாட்டு ஒண்ணு கேட்கிறாங்கன்னு வைங்க. பக்கம் மட்டும் கேஷ்ல இருந்தா ஹிட் ரேஷியோ 90 சதவீதம், ஆனா லைன்ல மிச்சம் வெறும் 2 சதவீதம். பாட்டு மட்டும் இருந்தா ஹிட் 10தான், மிச்சம் 98. கிரீடி டூயல் சைஸ்லயும் அப்படித்தான். எல்லா ஃபைலுக்கும் ஒரே விலைன்னு வச்சா ஹிட் ரேஷியோவுல முதலிடம், பைட் கணக்குல பின்தங்கிடும்.

ஆக அண்ணன் கணக்கும் சரி, என் கணக்கும் சரி. அவர் லைனை அளந்தார், நான் காத்திருந்த நேரத்தை அளந்தேன்.

இன்னைக்கு 'லிப்கேஷ்சிம்' மாதிரி கருவி இலவசமாவே கிடைக்குது. 'சீவ்' மாதிரி புது முறைகளையும் (2024) அதுல ஓட்டிப் பார்க்கலாம். ஆனா யாருக்காக அளக்கிறோம்னு எந்த சிமுலேட்டரும் சொல்லாது. அதை நாமதான் முதல்ல முடிவு பண்ணணும்.

அண்ணே, இதைப் படிச்சா, அன்னைக்குப் பட்ட கோவத்துக்கு ஸாரி!