வழக்கறிஞர் செய்த கிரேன்

கிரேன் என்றதும் நம் நினைவுக்கு வருவது, அடுக்குமாடி கட்டும் இடத்தில் நிற்கும் உயரமான இரும்புக் கோபுரம்தான். தொழிற்சாலைகளுக்குள் அன்றாடம் உழைக்கும் ஜிப் கிரேன் அதைவிட எளிமையானது. நிமிர்ந்த ஒரு தூண், அதிலிருந்து நீளும் ஒரு கை, அதில் தொங்கும் கொக்கி. அந்தக் கைக்குத்தான் ஜிப் என்று பெயர்.

இந்த வடிவம் மிகப் பழையது. மாறி வந்தது, சுமையைத் தூக்கும் சக்திதான்.

இங்கிலாந்தின் ஹார்விச் கப்பல் தளத்தில் 1667-ல் அமைத்த மரக் கிரேன் இன்றும் அந்த ஊரில் இருக்கிறது. அதற்குள் இரண்டு பெரிய மரச் சக்கரங்கள். ஆட்கள் அவற்றின் உள்ளே நடக்க நடக்கக் கயிறு சுற்றிக்கொண்டு சுமை எழும்பும். சுமை கட்டுமீறி இறங்கினால் சக்கரம் பின்னோக்கிச் சுழலும். உள்ளே இருப்பவர் பாடு திண்டாட்டம்தான்!

மனிதக் கால்களுக்குப் பதிலாகத் தண்ணீரை வேலை வாங்கியவர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் (1810-1900). நியூகாசில் நகரத்து வழக்கறிஞரான இவருக்கு எந்திரங்கள் மீது தீராத ஆர்வம். 1845-ல், தொலைவிலுள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து நகருக்குக் குழாய் வழியே தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தில் ஈடுபட்டார். தாழ்வான ஆற்றங்கரைப் பகுதியில் தண்ணீரின் அழுத்தம் தேவைக்கு மேல் இருந்தது. அதைக் கொண்டே படகுத்துறைக் கிரேனை இயக்கினால் சரக்கை விரைவாகவும் மலிவாகவும் இறக்கலாம் என்றார். நகராட்சி சம்மதிக்க, 1846-ல் கிரேன் ஓடியது.

அது இயங்கும் விதம் எளிது. தண்ணீர் உருளைக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் நகர்வது சிறிது தூரமே. சங்கிலி பல கப்பிகளில் சுற்றி வருவதால் கொக்கி பல மடங்கு உயரும்.

1847-ல் ஆம்ஸ்ட்ராங் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு எல்ஸ்விக்கில் தொழிற்சாலை தொடங்கினார். 1850-ல் 45 கிரேன்கள், 1852-ல் 75. எல்லா ஊரிலும் இப்படி அழுத்தம் கிடைக்காதே! அதற்கும் வழி கண்டார். நீராவி எந்திரத்தால் ஒரு பெரும் பாரத்தை மேலே ஏற்றி, அது கீழே அழுத்தும் விசையால் தண்ணீருக்கு அழுத்தம் தந்தார்.

இன்று பெரும்பாலும் மின்சாரம்தான் தூக்குகிறது. ஜிப் கிரேன்களில் மூன்று வகைகளைப் பரவலாகக் காணலாம்:

1. தரையில் ஊன்றிய தூணில் சுழல்வது. முழு வட்டமும் சுற்றும். உறுதியான அடித்தளம் வேண்டும்.

2. சுவரிலோ கட்டடத் தூணிலோ பொருத்துவது. சுமார் அரை வட்டம் சுற்றும். தரையில் இடம் மிச்சம். ஆனால் பாரம் முழுவதையும் கட்டடம் தாங்கவேண்டும்.

3. கையின் நடுவே மூட்டு உள்ளது. எந்திரங்களுக்கு இடையே மடங்கிப் புகும்.

இன்று ஒரு தொழிலாளி பொத்தானை அழுத்தினால் பாரம் எழும்புகிறது. அதே வேலைக்காகச் சக்கரத்துக்குள் நடந்து களைத்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்களின் கால்களுக்குக் கிடைத்த விடுதலைதான் ஜிப் கிரேனின் வரலாறு.