கோளக் கொத்துகளின் மங்கலான எக்ஸ் கதிர் மூலங்கள்

பல லட்சம் முதிய விண்மீன்கள் தம் ஈர்ப்பாலேயே உருண்டையாகத் திரண்டிருப்பது கோளக் கொத்து. விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில் சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே பார்த்தால், அடிவானத்துக்குச் சுமார் 30 பாகை மேலே ஒமேகா சென்டாரி என்னும் கொத்து வெறுங்கண்ணுக்கே மங்கிய புள்ளியாகத் தெரியும். 47 டுகானே என்னும் கொத்து ஐப்பசியில் 6 பாகை அளவுக்குத்தான் எழும். பருவமழை மேகம் அதையும் மறைத்துவிடும். மங்கலான எக்ஸ் கதிர் மூலங்களைப் பற்றி அதிகம் கற்றுத் தந்தது அந்த 47 டுகானேதான்.

1970-இல் ஏவப்பட்ட உகுரு செயற்கைக்கோள் சில கொத்துகளில் பிரகாசமான எக்ஸ் கதிர் மூலங்களைக் கண்டது. விண்மீன்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், பால்வீதியின் பிற பகுதிகளைவிடக் கொத்துகளில் இவை நூறு மடங்கு மிகுதி என்பது 1975-இல் தெளிவாயிற்று. 1983-இல் ஹெர்ட்ஸ், கிரிண்ட்லே இருவரும் ஐன்ஸ்டீன் விண்கலத் தரவுகளில் இவற்றைவிட மிக மங்கலான இன்னொரு கூட்டத்தை அறிவித்தனர். துணைமீனிலிருந்து வாயுவை இழுக்கும் வெண்குறுமீன்களாக, அதாவது எரிந்து முடிந்த விண்மீன்களின் அடர்ந்த எச்சங்களாக, அவை இருக்கலாம் என்றனர்.

இதற்கு வேண்டிய இயற்பியலின் பெரும்பகுதியை ஒரு தமிழர் முன்பே எழுதி வைத்திருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது வெண்குறுமீனின் நிறை வரம்பைக் கணக்கிடத் தொடங்கினார். அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1943-இல் இயக்க உராய்வை விளக்கினார்: கனத்த விண்மீன் தன் வேகத்தைச் சுற்றியுள்ள இலேசான மீன்களிடம் இழந்து மையத்தை நோக்கி இறங்குகிறது. அந்த நெரிசலில் வெண்குறுமீனும் நியூட்ரான் விண்மீனும் துணை பிடிக்கின்றன, துணை மாறுகின்றன. துணையிலிருந்து விழும் வாயு பல கோடி பாகை வரை சூடேறி எக்ஸ் கதிர் வீசுகிறது. இவ்விரு கண்டுபிடிப்புகளும் சந்திக்கும் இடம் கோளக் கொத்தின் மையம் என்பதால், 1999 ஜூலையில் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கிக்கு அவர் பெயர் அமைந்தது மிகப் பொருத்தம்.

அரை வில்நொடி வரை பிரித்துக் காணும் சந்திரா, முதல் ஆய்விலேயே 47 டுகானேயில் 108 மூலங்களைக் காட்டியது. 2005-இல் எண்ணிக்கை 300 ஆனது. அவற்றுள் சில, பின்னாலிருக்கும் தொலைதூர அண்டங்கள். எது எது என்று பிரிப்பதுதான் கடினமான வேலை. பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி கண்ட துடிமீன்களின் (சுழன்று ரேடியோ துடிப்புகளை வீசும் நியூட்ரான் விண்மீன்களின்) துல்லியமான இடங்கள் முதல் அடையாளக் குறிகளாயின. அவற்றை வைத்து எக்ஸ் கதிர்ப் படத்தை ஹபிள் படத்தோடு பொருத்தி, வழக்கத்துக்கு மாறாக நீலமாக ஒளிரும் மீனை, ஒளி கூடிக் குறையும் மீனைத் தேடினர். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் (2015) சுமந்த புறஊதாத் தொலைநோக்கி என்ஜிசி 1851, ஒமேகா சென்டாரி ஆகியவற்றின் சூடான மீன்களைப் பதிவு செய்துள்ளது. கொத்தின் நடுநெரிசலைப் பிரிக்க அதன் கூர்மை போதாது. வெளிப்பகுதிக்கு நன்கு உதவுகிறது.

பெயர் சூட்டிய பிறகும் தீர்ப்பு மாறுவதுண்டு. 47 டுகானேயின் எக்ஸ்-9 நெடுங்காலம் வெண்குறுமீன் இரட்டையாகவே கருதப்பட்டது. 2015-இல் அதன் ரேடியோ அலைகள் கருந்துளையைச் சுட்டின. 2017-இல் சுமார் 28 நிமிடச் சுற்றுக்காலம் தெரியவந்தது. கருந்துளையா, நியூட்ரான் விண்மீனா என்பது இன்னும் முடிவாகவில்லை.