கொள்ளிடத்துக்கு வடகரையில் கூலிக் கணக்கு

தா.பழூரிலும் ஜெயங்கொண்டத்திலும் நெல் மில், ஜவுளிக்கடை, செங்கல் சூளை நடத்துகிறவர்களுக்குச் சம்பளப் பட்டியல் எழுதிக் கொடுப்பது என் தொழில். வருகைப் பதிவேடு எங்கே, சம்பள ரசீது எங்கே என்று கேட்டால், "எல்லாம் நம்ம ஊரு ஆளுங்கதான் சார், வாயால பேசிக்கிட்டாப் போதாதா?" என்பார்கள். இந்த மண்ணில் எல்லாமே வாய்ப்பேச்சில் நடந்த காலம் ஒன்று இருந்தது. அது எப்படி இருந்தது என்பதை முதலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் அப்பாயி நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். கூலியை நெல்லாகக் களத்திலேயே மரக்காலில் அளந்து போடுவார்கள். மரக்கால் மிராசுதாருடையது, அளக்கிறவரும் அவர் ஆள்தான். பண்ணை வீட்டில் ஒரு நோட்டு இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய பணம், சாவுச் செலவு, அடைமழையில் கடனாக வாங்கிய நெல் எல்லாம் அதில் ஏறும். உழைத்த நாளும் கொடுத்த கூலியும் மட்டும் ஏறாது. கடனுக்குச் சாட்சி இருந்தது, கூலிக்கு இல்லை. தலைமுறைகளைப் பண்ணையோடு கட்டிப் போட்டது அந்த நோட்டுதான்.

அன்றைய சட்டமும் அந்த நோட்டின் பக்கமே நின்றது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை முடிக்காத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப 1859-இல் வெள்ளையர் ஆட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1925-இல்தான் அதை நீக்கினார்கள்.

சட்டம் உழைப்பவர் பக்கம் திரும்பியபோது கொள்ளிடம் குறுக்கே நின்றது. அப்போது தா.பழூர் திருச்சி மாவட்டத்தின் உடையார்பாளையம் தாலுகாவில் இருந்தது. தென்கரை தஞ்சாவூர் மாவட்டம். அங்கே விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு போராடியதால் 1948-இல் மாயவரத்தில் ஒரு கூலி ஒப்பந்தம் ஏற்பட்டது. 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தியது. பண்ணையாளை, அதாவது ஒரே பண்ணையோடு கட்டுண்ட வேலையாளை, நினைத்தபோது விரட்ட முடியாது, தகராறு என்றால் சமரச அதிகாரியிடம் போகலாம். ஆனால் அது தஞ்சைக்கான சட்டம். வடகரையில் அதே நெல்லை அறுத்தவர்களுக்கு அந்தச் சமரச அதிகாரி இல்லை.

தென்கரையிலும் அது முழுதாக நிலைக்கவில்லை. சட்டம் பண்ணையாளைக் காக்கிறது என்று தெரிந்ததும் பல நிலக்காரர்கள் பண்ணையாட்களை நீக்கிவிட்டு, தினக்கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். 1968 டிசம்பர் 25 அன்று அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழவெண்மணியில் கூலித் தகராறின் உச்சத்தில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன் பிறகுதான் விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை விசாரித்த கணபதியா பிள்ளை ஆணையமும் 1969-இன் நியாயக் கூலிச் சட்டமும் வந்தன. அதுவும் தஞ்சைப் பகுதியை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. அதன் அட்டவணையில் விவசாயமும் இருந்தது, முதலாளி பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. வரப்பில் பதிவேட்டை விரித்துக் கைநாட்டு வாங்கிய ஒருவரைக்கூட அப்பாயி பார்த்ததில்லை.

எங்கள் கரையைத் தொட்ட பெரிய சட்டம் 1976-இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். 1975 அக்டோபர் 25 முதல் செல்லும்படி அது இயற்றப்பட்டது. எந்தெந்த வழக்கங்கள் கொத்தடிமை முறை என்று சொல்லும் பட்டியலில் படியாள், பண்ணையாள், வெட்டி மூன்றும் இருக்கின்றன. நாடாளுமன்றம் எங்கள் வயல்காட்டு வழக்கங்களைப் பெயர் சொல்லி ஒழித்தது. பண்ணை நோட்டில் இருந்த கொத்தடிமைக் கடன்கள் சட்டப்படி செல்லாதவை ஆயின.

பிறகு வந்தது நூறு நாள் வேலை. தஞ்சாவூருக்கு 2007-லும் எங்களுக்கு 2008 ஏப்ரலிலும் வந்தது. ஏரி தூர்வாரப் போன பெண்கள் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியலில் தங்கள் பெயரைப் பார்த்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று எழுதியே இருந்தது. தனியார் வயலில் கூலி பேசும்போது அந்தத் தொகையைச் சொல்லிப் பேச அவர்களுக்குத் துணிவு வந்தது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். பணி நியமனக் கடிதமும் சம்பள ரசீதும் கொடுக்க வேண்டும். பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ.யும் இருபது பேர் இருந்தால் பி.எஃப்.பும் கட்டாயம் என்பதால், பட்டியலை ஒன்பதோடும் பத்தொன்பதோடும் நிறுத்தச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பண்ணையாளைத் தினக்கூலி ஆக்கிய அதே தந்திரம் இது. நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

ஊர்ப்பாசம் உண்மையானால் அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதில் முதலாளிக்கு என்ன நட்டம்? வேலைக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தை இன்றும் தேதி போட்டு எழுதி வைக்கிறோம். அவர் உழைத்த நாளையும் அதே நோட்டில், அதே நாளில் எழுதி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள்.