ஊட்டிக் குதிரையும் காங்கேயம் காளையும்

திருப்பூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டின் முதல் பாதியில் இரண்டு ஓட்டப் பருவங்கள் எட்டும் தொலைவில் இருந்து வந்தன. தைப்பொங்கல் கழிந்ததும் காங்கேயம், தாராபுரம், உடுமலை, பல்லடம் சுற்று ஊர்களில் ரேக்ளா என்னும் காளைவண்டி ஓட்டம் தொடங்கும். சித்திரை பிறக்கும்போது, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால், ஊட்டியில் குதிரைப் பந்தயம் தொடங்கிவந்தது. முன்னதைக் குடியானவர் விளையாட்டு என்றும் பின்னதைச் சீமான்கள் பொழுதுபோக்கு என்றும் பிரித்து வைத்தே பேசிப் பழகிவிட்டோம். புதிய பருவத்தை எதிர்நோக்கும் வேளையில் இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், அந்தப் பிரிவினை பல இடங்களில் நிற்பதில்லை.

முதலில் ரத்தம். பந்தயக் குதிரையின் தந்தைவழி மூன்று ஆண்குதிரைகளில் போய் முடிகிறது: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன். 1791 முதல் இங்கிலாந்தில் அந்த வம்சத்துக்குப் பதிவேடு உண்டு. காங்கேயம் காளையின் இன்றைய வடிவத்தில் பழையகோட்டைப் பட்டக்காரர்களின் கை இருக்கிறது. தேர்ந்த பொலிகாளைகளைக் கொண்டு தலைமுறை தலைமுறையாக இனத்தைத் திருத்தி வந்த குடும்பம் அது. ஆங்கிலப் பிரபுவும் கொங்குப் பட்டக்காரரும் ஒருவரையொருவர் அறியாமலே செய்த வேலை ஒன்றுதான். தாங்கள் விரும்பிய உடலை அடுத்த தலைமுறையில் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் அந்த உடலை வளர்த்த மண் வேறு. பந்தயக் குதிரை பசும்புல்லும் ஓட்ஸும் தின்று லாயத்தில் வளர்வது. காங்கேயம் கன்று வளர்வது கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில். கிளுவை வேலி, இடையிடையே வெள்வேல் மரம், தரையில் கொழுக்கட்டைப் புல், குறைவான மழை. சிவந்த நிறத்தில் பிறக்கும் கன்று சில மாதங்களில் வெளுத்துச் சாம்பலாகிறது. காளையானால் திமிலும் கழுத்தும் கருக்கிறது. பந்தயத்துக்கென்று பிடித்துக் கட்டிய பிறகு இரண்டுக்கும் நடக்கும் உபசாரம் ஏறக்குறைய ஒன்றே: கொள்ளு, நீச்சல், காலை நடை, கால் பிடித்துவிடுதல். காளைக்குக் கூடுதலாகப் பருத்திக்கொட்டை ஆட்டிய பால் கிடைக்கும். பஞ்சு பனியனுக்குப் போக, கொட்டை காளைக்குப் போன ஊர் திருப்பூர்.

வயதைக் கணக்கிடும் முறையில் இரண்டும் பிரிகின்றன. இந்தியப் பந்தயக் குதிரைக்கு, எந்த மாதம் பிறந்திருந்தாலும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். காளைக்கு நாள்காட்டி கிடையாது, வாய்தான். மாட்டுக்கு முன்பக்கம் மேல்வரிசைப் பல் இல்லை. கீழுதட்டை விரலால் இழுத்து, பால் பல் விழுந்து எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். இரண்டு பல், நாலு பல், ஆறு பல். இளங்காளைகள் 200 மீட்டர் ஓடும், பல் முதிர்ந்தவை 300 மீட்டருக்கு ஏறும். குதிரையின் வயதைக் காகிதம் சொல்கிறது. காளையின் வயதைச் சொல்வதற்கு அதன் வாயைத் திறக்கும் துணிச்சல் வேண்டும்.

ஓட்டத்துக்கு வந்தால், எனக்கு மிகுந்த வியப்பைத் தந்த வேறுபாடு இங்கேதான். நாட்டுப்புறத்துப் பந்தயம் என்றால் முண்டியடித்து ஓடுவது என்றும், கிளப் பந்தயம் என்றால் துல்லியமாக அளப்பது என்றும் நினைப்போம். நடப்பது தலைகீழ். குதிரைகள் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாக ஓடுகின்றன. நேரத்தைக் குறித்தாலும் வெற்றியை முடிவு செய்வது யார் முன்னால் வந்தது என்பதே. தேனி, மதுரை, தூத்துக்குடிப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயமும் இந்த வகைதான். சாலையில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக வண்டிகள் ஒன்றையொன்று துரத்தும். கொங்கு ரேக்ளாவில் ஒரு ஜோடி தனியாகத்தான் ஓடுகிறது. எதிராளி கடிகாரம் ஒன்றே. ஓடி முடித்த ஜோடியின் நேரத்தை நொடியின் பின்னத்தோடு ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். அடுத்த ஜோடி வரும்வரை களம் அந்த எண்ணோடுதான் இருக்கும்.

ஜெயித்த விலங்குக்கு என்ன கிடைக்கிறது என்பதிலும் அழகான முரண் உண்டு. ஹேண்டிகேப் பந்தயங்களில் ஜெயித்த குதிரைக்கு அடுத்த முறை சுமை கூடும். எல்லாக் குதிரைக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்பதற்காகச் சேணத்தில் ஈயம் வைத்து எடையைக் கூட்டுகிறார்கள். ரேக்ளாவில் ஜெயித்த காளைக்குச் சுமை கூடாது, விலைதான் கூடும். பரிசாகத் தங்க நாணயம் வந்தாலும், காளையைக் கேட்டு வருகிற ஆள்தான் உடைமைக்காரருக்குப் பெரிய பரிசு. இதனால் குதிரைப் பந்தயத்தில் பலவீனமானதற்கும் அடுத்த வாரம் நம்பிக்கை இருக்கிறது. ரேக்ளாவில் அந்தக் கருணை இல்லை. இந்த ஒன்றில் கிளப்பின் முறையே மேலானது என்று நினைக்கிறேன்.

பந்தயப் பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குதிரைக்கு அது சட்டப்படி உண்டு, ரேக்ளாவுக்குச் சட்டப்படி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதே நாளிலிருந்து 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம். பனியன் ஊரிலிருந்து பார்க்கையில் இந்த இடைவெளி கண்ணில் படாமல் இருக்காது.

இரண்டின் உறவு நெருக்கமாகத் தெரியும் இடம் உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் வந்தது. கிண்டியிலும் ஊட்டியிலும் பந்தயம் நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப்பை அரசு எடுத்துக்கொள்ள 1986இல் இன்னொரு சட்டம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்துக் கிளப்பைக் காப்பாற்றியது. காளைக்கு 2014 மே 7 அன்று தடை வந்தது. ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயமும் அந்தத் தீர்ப்பில் நின்றது. காளையின் உடலமைப்பு இதற்கு ஏற்றதல்ல என்றது நீதிமன்றம். 2017இல் தடையை எதிர்த்து மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள். காளை நிகழ்வுகளை அனுமதிக்கும் தமிழ்நாடு திருத்தச் சட்டம் வந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. குதிரை திறமையின் பெயரால் தப்பியது, காளை பண்பாட்டின் பெயரால் தப்பியது. வழக்குகளை இடம் மாற்றிப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு ஜோடிக் காளையை 300 மீட்டர் நேராக ஓட்டுவதிலும் திறமை இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கிண்டியில் குதிரை ஓடியதிலும் ஒரு பண்பாடு இருக்கிறது. வழக்கறிஞர் கையில் கிடைத்த வாதத்துக்கு ஏற்ப இரண்டும் தங்களில் பாதியை மட்டுமே காட்டி ஜெயித்திருக்கின்றன.

வரும் பருவத்தைப் பற்றி யோசிக்கையில் நிலம்தான் பெரிய கேள்வி. ஊட்டியில் ரேஸ்கோர்ஸ் இருந்த 52 ஏக்கர் சொச்சத்தை, குத்தகைப் பாக்கியைக் காரணம் காட்டி 2024 ஜூனில் அரசு மீட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையும் ரத்தானது. 1946இல் 99 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம் வாடகையில் எழுதப்பட்ட குத்தகை அது. அந்த வாடகைக்கு அத்தனை நிலம் என்பதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் குதிரைக்காரர், ஜாக்கி, லாடக்காரர் ஆகியோரின் பிழைப்பும் அந்தக் குத்தகை ஏட்டோடு கட்டப்பட்டிருந்தது.

ரேக்ளாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் கிடையாது. அறுவடை முடிந்த யாரோ ஒருவரின் காட்டை உழுது சமன்செய்து, இருபுறமும் தடுப்புக் கட்டி ஒருநாள் ஓட்டிவிட்டுப் போகிறார்கள். ஏடு வைத்திருந்த பந்தயம் இடம் இழந்து நிற்கிறது. ஏடே இல்லாத பந்தயத்துக்கு ஆண்டுதோறும் இடம் கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அந்த இடமும் எல்லையற்றதல்ல. தரிசு மனையாகிறது, கொரங்காட்டுக் கிளுவை வேலிக்குப் பதில் காம்பவுண்டுச் சுவர் எழுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பனியன் கம்பெனி என்று ஊர் விரியும்போது, நேராக 300 மீட்டரும் அதற்குமேல் வண்டி நிற்க இடமும் கொடுக்கும் காடு பல்லடம் பக்கம் இன்னும் எத்தனை பருவத்துக்கு இருக்கும் என்று கேட்டாக வேண்டும்.

2017 சட்டம் காளை நிகழ்வுகளுக்கு ஜனவரி முதல் மே வரை என்று காலம் வகுத்திருக்கிறது. ஊட்டிப் பருவம் அந்த எல்லைக்குள் ஏப்ரலில்தான் தொடங்கிவந்தது. கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிய மாட்டுச்சந்தையும் சித்திரையில்தான். இந்த முறை அங்கே போகிறவர்கள் தையில் ஓடிய ஜோடிகளின் நேரத்தைக் கையில் குறித்துக்கொண்டு போகலாம். சந்தையில் சொல்லும் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 200 மீட்டரிலிருந்து 300க்கு முதன்முறையாக ஏறவிருக்கும் காளைகள் சில அங்கேயே கைமாறும்.