தந்தி அறையில் ஓர் இளைஞன்

டைட்டானிக் கப்பலின் அழிவைச் சொல்ல முற்பட்ட திரைப்படங்கள் பலவற்றுள், 1958ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லண்டன் நகரில் முதன்முதலாகக் காட்டப்பட்ட 'ஏ நைட் டு ரிமெம்பர்' என்ற கறுப்பு வெள்ளைச் சித்திரமே இன்றளவும் தலையாயது என்று நான் கருதுகிறேன். அதற்குக் காரணம், அது கப்பலையும் கடலையும் அந்த இரவையுமன்றி வேறு எதையும் கதாநாயக ஸ்தானத்தில் வைக்காததுதான். உயிர் தப்பியவர்களைத் தேடிக் கண்டு விசாரித்து வால்ட்டர் லார்ட் 1955இல் வெளியிட்ட நூலை எரிக் ஆம்ப்ளர் திரைக்கதையாக்க, ராய் வார்ட் பேக்கர் இயக்கினார். இரண்டாம் அதிகாரி லைட்டோலராக வரும் கென்னத் மோர்தான் பெயர் பெற்ற நடிகர் எனினும், அவரையும் ஓரிடத்தில் நிறுத்தாமல், கரி அள்ளுவோர், சமையற்காரர், வாத்தியக்காரர், மூன்றாம் வகுப்பு ஏழைகள் என்று படம் ஒருவர் முகத்திலிருந்து மற்றொருவர் முகத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. இத்தகைய படத்துக்குச் சிறு வேடங்களே உயிர்நிலை. அவற்றுள் என் மனத்தை விட்டு நீங்காதது, இளைய தந்திக்காரன் ஹரால்டு ப்ரைடாக டேவிட் மக்கலம் ஏற்ற வேடம்.

அந்த வேடத்தின் அருமை தெரிய, அந்தத் தொழிலின் அக்கால நிலைமை தெரிந்திருக்க வேண்டும். கம்பியில்லாத் தந்தி கப்பலேறிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதை இயக்கிய இளைஞர்களில் மிகப் பலர் கப்பல் கம்பெனியின் சிப்பந்திகள் அல்லர். அவர்களை வேலைக்கமர்த்திக் கப்பல்களுக்கு அனுப்பியது மார்க்கோனி கம்பெனி. கப்பித்தானின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்களாயினும் அவர்களுடைய அன்றாட அலுவல், செல்வந்தப் பிரயாணிகளின் சொந்தச் செய்திகளைக் கட்டணத்துக்குக் கரைக்கு அனுப்புவதே. பனிக்கட்டியைப் பற்றிய எச்சரிக்கைகளோ அந்தச் செய்திக் குவியலின் நடுவே வந்து விழுபவை. 1909 ஜனவரியில் 'ரிபப்ளிக்' என்ற கப்பல் மற்றொரு கப்பலோடு மோதியபோது, ஜாக் பின்ஸ் என்ற தந்திக்காரர் இடைவிடாமல் அனுப்பிய 'சி.க்யூ.டி.' என்னும் அபாயக் குறியீட்டினால் ஏறக்குறைய அனைவருமே பிழைத்தார்கள். உலகம் அவரைக் கொண்டாடியது. கொண்டாடியதேயன்றி, இரவு முழுவதும் ஒருவர் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அப்போதும் ஒரு விதி செய்யவில்லை. ஒரே ஒரு தந்திக்காரர் உள்ள கப்பலில் அவர் படுத்துறங்கிவிட்டால், விடியும்வரை அந்தக் கப்பல் செவிடுதான்.

1912 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு நடந்ததும் அதுவே. டைட்டானிக்குக்கு அண்மையில் நின்ற 'கலிஃபோர்னியன்' கப்பலின் ஒரே தந்திக்காரர், பனிக்கட்டி சூழ்ந்து தாங்கள் நின்றுவிட்டதாகத் தெரிவிக்க முயன்றபோது, வேலை நெருக்கடியில் இருந்த டைட்டானிக்கின் மூத்த தந்திக்காரர் ஜாக் பிலிப்ஸ் அவரைக் குறுக்கிட வேண்டாமென்று கடிந்தார்; அவர் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டுக் கருவியை நிறுத்தி உறங்கப் போனார். 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. 58 மைலுக்கு அப்பால் 'கார்ப்பாத்தியா'வில் இருந்த ஹரால்டு காட்டம், படுக்கைக்குப் போக உடை மாற்றும் வேளையிலும் காதுக்கருவியைக் கழற்றாதிருந்த ஒரு தற்செயலினால்தான் படகுகளில் மிதந்த எழுநூற்றுச் சொச்சம் பேர் மறுநாள் சூரியனைக் கண்டார்கள்.

ப்ரைடுக்கு அப்போது வயது 22, பிலிப்ஸுக்கு 25. சில தினங்களுக்கு முன் பழுதான கருவியைச் சீர்செய்ய இரவெல்லாம் விழித்திருந்து பிலிப்ஸ் களைத்திருந்ததால், ப்ரைடு தம் முறை வருமுன்பே எழுந்து வந்திருந்தார். சர்வதேச உடன்பாட்டின்படி 1908 முதலே நடைமுறைக்கு வந்திருந்த 'எஸ்.ஓ.எஸ்.' என்ற புதிய குறியீட்டையும் அனுப்பிப் பார்க்கலாமே, பிறகு அதற்குச் சந்தர்ப்பம் வாய்க்காமலே போகலாம் என்று வேடிக்கையாகச் சொன்னவரும் அவரே. கப்பித்தான் உட்பட எல்லோரும் சிரித்தார்களாம். நிலைமை முற்றியபின், கருவியைவிட்டு எழ மறுத்த பிலிப்ஸின் உடலில் மிதவை அங்கியைக் கட்டிவிட்டவரும் அவர்தான். உங்கள் கடமை முடிந்தது, இனி உயிரைக் காத்துக்கொள்ளுங்கள் என்று கப்பித்தான் விடுவித்த பின்னரும் பிலிப்ஸ் அனுப்பிக்கொண்டேயிருந்தார். அவர் பிழைக்கவில்லை, கவிழ்ந்து மிதந்த படகொன்றைப் பற்றிக்கொண்டு ப்ரைடு பிழைத்தார்.

படத்தில் பிலிப்ஸாக வருபவர் கென்னத் க்ரிஃபித். அவர் விசையைத் தட்டுபவர். மக்கலத்தின் பங்கு பெரும்பாலும் பார்ப்பதும், கேட்பதும், காத்திருப்பதும். இதுதான் கடினமான நடிப்பு. கிளாஸ்கோவில் 1933இல் பிறந்த மக்கலத்தின் தந்தை லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்குத் தலைமை வயலின் வாசித்தவர், தாயும் இசைக்கலைஞர், மக்கலமும் ஓபோ என்ற குழல் வாத்தியத்தைப் பயின்றவர். பிறர் வாசிப்பைக் காதால் பின்பற்றித் தன் முறைக்காகக் காத்திருக்கும் அந்தக் குடும்பப் பழக்கமே தந்தி அறைக் காட்சிகளில் அவருக்குக் கைகொடுத்தது என்பது என் எண்ணம். ரேங்க் கம்பெனியின் ஒப்பந்த நடிகராக இரண்டொரு படங்களில் முரட்டு வாலிப வேடங்களை ஏற்றிருந்த அவர், இங்கே குரலை உயர்த்தாமல், முகத்தில் பிள்ளைத்தனம் மாறாமல், நிகழ்வதன் பயங்கரம் தனக்கு மெல்ல மெல்லப் புலப்படுவதைக் கண்களாலேயே தெரிவிக்கிறார். 1964இல் 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' தொலைக்காட்சித் தொடர் அவரை உலகறியச் செய்ததும், முதுமையில் 'என்.சி.ஐ.எஸ்.' தொடரின் பிரேதப் பரிசோதனை வைத்தியராக இருபது ஆண்டுகள் நடித்து 2023இல் அவர் மறைந்ததும் பலரும் அறிந்தவை. அந்தப் புகழுக்கெல்லாம் முந்திய இந்தச் சிறு வேடம் அவற்றில் எதற்கும் தாழ்ந்ததன்று.

ப்ரைடு இதைப் பார்க்கவில்லை. உறைபனியால் புண்பட்ட பாதங்களோடு கார்ப்பாத்தியாவின் தந்தி அறையில் உட்கார்ந்து காட்டத்துக்கு உதவியவர், நியூயார்க் துறைமுகத்தில் இருவர் தாங்கித் தூக்கிவர இறங்கியவர், பிற்காலத்தில் அந்த நினைவையும் விளம்பரத்தையும் விட்டு விலகி ஸ்காட்லாந்தில் அமைதியாக வாழ்ந்து, படம் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1956இல் காலமானார். அவருடைய தொழில் மட்டும் அந்த இரவுக்குப் பிறகு மதிப்புப் பெற்றது: 1914இல் லண்டனில் கையெழுத்தான கடற்பயணப் பாதுகாப்பு உடன்படிக்கை, கப்பல்களில் தந்திக்காவல் வேண்டுமென்பதை நாடுகளின் பொது விதியாக வகுத்தது. கப்பலோட்டிகளால் 'ஸ்பார்க்ஸ்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்தத் தந்திக்காரர் பரம்பரை, செயற்கைக்கோள் வழிப் புதிய ஏற்பாடு 1999 பிப்ரவரி முதல் தேதி முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது முடிவுக்கு வந்தது.

கப்பல் இரண்டாகப் பிளந்ததை 1958இல் எவரும் உறுதியாக அறியாததால், படத்தில் அது முழுதாகவே மூழ்குகிறது. கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்ட 1985க்குப் பிறகு இக்குறையைச் சிலர் பெரிதாகச் சொல்கிறார்கள். அதைப் பொருட்படுத்தாமல், வாய்ப்புக் கிடைக்கும்போது வாசகர்கள் இப்படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தத் தந்தி அறைக் காட்சிகளில், விசையைத் தட்டுபவரை விட்டு, அருகில் நிற்கும் இளைஞனைக் கவனிக்க வேண்டும்.