டெட்ராய்ட் 1972: இடித்தால் குறையும் குற்றம்

நகரம் கட்டும் கணினி விளையாட்டு உங்களில் பலருக்குப் பழக்கமானதுதான். வெற்று நிலம் கிடைக்கும். மின் நிலையம் வைக்க வேண்டும், சாலை போட வேண்டும், குடியிருப்பு, கடைத்தெரு, தொழிற்சாலை என்று மண்டலம் பிரிக்க வேண்டும். புகை கக்கும் ஆலைகளை வரைபடத்தின் ஓரத்துக்குத் தள்ளினால் நல்லது. தண்ணீரும் மரமும் உள்ள இடத்தில் வீடு வைத்தால் நிலமதிப்பு ஏறும். நிலமதிப்பு ஏறினால் நகரம் செழிக்கும். 1989இல் வில் ரைட் உருவாக்கிய சிம்சிட்டி வகுத்த பாதை இது. அதற்குப் பின் வந்த பெரும்பாலான நகர விளையாட்டுகள் இதே பாதையில்தான் நடக்கின்றன.

அந்த முதல் சிம்சிட்டியில் வெற்று நிலத்தோடு சேர்த்து, சிக்கலில் மாட்டிய சில நகரங்களையும் கொடுத்திருந்தார்கள். 1906 சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம். 1944 ஹாம்பர்க்கில் குண்டுவீச்சு. டோக்கியோவுக்கு ஒரு ராட்சத மிருகம். 1972 டெட்ராய்ட்டுக்கு மட்டும் சிக்கலின் பெயர் ‘குற்றம்’. நீங்கள் மேயர். பத்து ஆண்டுக்குள் நகரத்தின் சராசரிக் குற்ற அளவை 60க்குக் கீழே கொண்டுவந்தால் வெற்றி.

இந்தக் குற்றத்தை விளையாட்டு எப்படி அளக்கிறது? 2008இல் சிம்சிட்டியின் மூல நிரல் ‘மைக்ரோபோலிஸ்’ என்ற பெயரில் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதில் குற்றத்தைக் கணக்கிடும் பகுதி சில வரிகள்தான். 128இலிருந்து அந்த இடத்தின் நிலமதிப்பைக் கழி. மக்கள் நெருக்கத்தைக் கூட்டு. காவல் நிலையத்தின் வீச்சைக் கழி. வருவது குற்றம்.

வேலையின்மை இந்தக் கணக்கில் இல்லை. கூலி இல்லை, பள்ளி இல்லை. மலிவான நிலத்தில் நெருக்கமாக வாழ்கிறாயா, நீ குற்றம். இன்னொரு வரியில், குற்றம் ஓர் அளவைத் தாண்டினால் நிலமதிப்பிலிருந்து 20 கழிக்கப்படுகிறது. நிலம் மலிவாவதால் குற்றம் ஏறும், குற்றம் ஏறியதால் நிலம் இன்னும் மலிவாகும். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னதும் வேலை தர மறுப்பவர்கள் இந்த நிரலைப் படித்ததில்லை. அவர்கள் மனதில் ஓடுவதும் இதே கணக்குதான்.

சராசரி எடுக்கும் விதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கட்டடமோ சாலையோ உள்ள இடங்கள் மட்டுமே சராசரியில் சேரும். வெற்று நிலமும் இடிபாடும் சேராது. ஆகவே குற்ற எண் அதிகமுள்ள மலிவான குடியிருப்பைப் புல்டோசரால் தட்டிவிட்டால் அந்த எண் கணக்கிலிருந்தே போய்விடும், சராசரி இறங்கும். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று விளையாட்டு கேட்காது. ஒன்று, காவல் நிலையங்களை நட வேண்டும். இல்லையென்றால் இடிக்க வேண்டும். மேயருக்கு இந்த இரண்டு வழிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இனி, விளையாட்டுக்கு வெளியே இருந்த டெட்ராய்ட்டைப் பார்ப்போம்.

1941. நகரின் வடமேற்கில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட ஒரு நிறுவனம் திட்டமிட்டது. கறுப்பினத்தவர் இவ்வளவு அருகில் இருந்தால் கடனுக்கு உத்தரவாதம் தர முடியாது என்றது கூட்டாட்சி அரசின் வீட்டுவசதி நிர்வாகம். நிறுவனம் இடையில் ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்தில் ஒரு சுவர் எழுப்பியது. உத்தரவாதம் கிடைத்தது. பிர்வுட் சுவர் என்று அழைக்கப்படும் அது இன்றும் அங்கே நிற்கிறது. உத்தப்புரத்தில் 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்பட்ட தீண்டாமைச் சுவரை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரு வேறுபாடு உண்டு. டெட்ராய்ட்டில் சுவரின் விலை அரசுக் கடன் விதிக்குள்ளேயே இருந்தது.

பிளாக் பாட்டம் என்பது அதே நகரின் பழைய கறுப்பினக் குடியிருப்பு. அந்தக் கரிய வண்டல் மண்ணால் வந்த பெயர் அது என்பார்கள். வேறு எங்கும் வீடு தரப்படாததால் தெற்கிலிருந்து ஆலை வேலைக்கு வந்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கே நெருக்கி வாழ்ந்தன. பக்கத்திலேயே கடைகள், தேவாலயங்கள், இசைக்கூடங்கள் நிறைந்த ஹேஸ்டிங்ஸ் தெரு. 1950களில் ‘நகரப் புதுப்பித்தல்’ என்று சொல்லி இவை தரைமட்டமாக்கப்பட்டன. ஹேஸ்டிங்ஸ் தெருவின் மீது விரைவுச்சாலை வந்தது. பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்கள், அவர்கள் கைக்கு எதுவும் வரவில்லை. அமெரிக்கா முழுவதும் இதுதான் நடந்தது. நகரப் புதுப்பித்தல் என்றால் நீக்ரோக்களை நீக்குவது என்று பொருள் என 1963இல் தொலைக்காட்சி நேர்காணலில் ஜேம்ஸ் பால்ட்வின் சொன்னது அதனால்தான்.

பெயர்க்கப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் பன்னிரண்டாம் தெருப் பகுதி. 1967 ஜூலை 23 அன்று அந்தத் தெருவில் போலீஸ் ஒரு மதுக்கூடத்துக்குள் புகுந்ததில்தான் டெட்ராய்ட் எழுச்சி தொடங்கியது. 43 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர்.

1971இல் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற போலீஸ் பிரிவை அமைத்தார்கள். வேடமிட்டுத் தெருவில் திரிந்து வழிப்பறிக்காரர்களைப் பிடிப்பது அவர்கள் வேலை. அந்தப் பிரிவு 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றது, ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர். மக்கள் போராடினார்கள். அதைக் கலைப்பேன் என்று சொல்லி நின்ற கோல்மன் யங் 1973 தேர்தலில் வென்று, நகரின் முதல் கறுப்பின மேயரானார், கலைக்கவும் செய்தார். சிம்சிட்டியின் டெட்ராய்ட் தொடங்கும் 1972 சரியாக இந்தப் போராட்டத்தின் நடுவில் விழுகிறது. விளையாட்டில் காவல் நிலையம் ஒரு கழித்தல் குறி மட்டுமே, அதற்குத் துப்பாக்கி கிடையாது.

வில் ரைட் இனவெறியோடு இதை எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. நகரத்தை ஒரு சமன்பாடாகப் பார்க்கும் முறை அவருக்கு முன்பே இருந்தது. தான் படித்துத் தூண்டுதல் பெற்றதாக அவர் சொன்ன நூல்களில் ஒன்று எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1969இல் வெளியிட்ட ‘அர்பன் டைனமிக்ஸ்’. ஃபாரஸ்டர் பொறியாளர். கணினி நினைவகத் தொழில்நுட்பத்தில் பெரும் சாதனை செய்து, பின்பு மேலாண்மைப் பள்ளிக்கு வந்தவர். பாஸ்டன் மேயர் பதவியை முடித்துவிட்டு ஜான் காலின்ஸ் அங்கே பேராசிரியராக வந்து பக்கத்து அறையில் அமர்ந்தார். அவரோடும் அவர் அழைத்து வந்தவர்களோடும் நடந்த உரையாடல்களிலிருந்துதான் ஃபாரஸ்டரின் நகர மாதிரி பிறந்தது. குடிசைவாசி ஒருவரிடமும் அவர் மாதிரிக்காகப் பேசியதாக அந்தக் கதையில் வரவில்லை.

மாதிரிக்குள் மூன்று வகை மனிதர்கள்: மேலாளர்கள், உழைப்பாளர்கள், போதிய வேலையற்றோர். நகரத்தைச் சுற்றி புறநகரே கிடையாது, எல்லையில்லாத ‘வெளி’ மட்டும். நிறமும் கிடையாது. கணினியில் 250 ஆண்டு நகரத்தை ஓட்டிப் பார்த்து அவர் வந்து சேர்ந்த முடிவு: ஏழைகளுக்கு வீடு கட்டித் தந்தால் ஏழைகள் கூடுவார்கள், நகரம் தேங்கும். ஆகவே ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று மலிவு வீடுகளை இடித்து, அந்த இடத்தைத் தொழிலுக்குக் கொடு. இடிக்கப்பட்டவர்கள்? ‘வெளி’க்குப் போவார்கள். அந்த வெளிக்கு எண் கிடையாது.

அவருடைய சமன்பாடுகளை ரைட் அப்படியே நகலெடுக்கவில்லை. ஆனால் எல்லைக்கு வெளியே போனவர் கணக்கில் வராத அந்தப் பார்வை, டெட்ராய்ட் சராசரிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

விளையாட்டில் நாம் முதலில் தொடும் மண்டலக் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1910இல் பால்டிமோர் நகரம் எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் குடியிருக்கலாம் என்று சட்டம் போட்டது. இப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்று 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1926இல் ஒஹாயோவின் யூக்ளிட் கிராம வழக்கில் அதே நீதிமன்றம், நிலத்தைப் பயன்பாட்டுவாரியாகப் பிரிப்பது செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பில் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அதன்பின் நிறத்தை எழுத வேண்டிய தேவை குறைந்தது. தனி வீடு மட்டும், மனை இத்தனை சதுர அடிக்குக் குறையக் கூடாது என்று எழுதினால் போதும், விலையே யாரை உள்ளே விடுவது என்று பார்த்துக்கொள்ளும். சிம்சிட்டியின் பச்சைக் கட்டம் பார்க்கக் குற்றமற்றதாகத்தான் இருக்கிறது.

கணினி அறிவியல் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மைக்ரோபோலிஸின் நிரலைத் திறந்து அந்தச் சில வரிகளைக் கண்டுபிடியுங்கள். நிலமதிப்பு இருக்கும் இடத்தில் வேலையின்மையை வையுங்கள். புல்டோசர் தட்டும் ஒவ்வொரு வீட்டின் எண்ணையும் அழியாமல் சேமித்து, சராசரியில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே டெட்ராய்ட்டை எடுத்து, பத்து ஆண்டில் 60க்குக் கீழே இறங்குகிறதா என்று ஆடிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.